வானவில் ரூபாயும் முட்டை ரூபாயும்

என் சிநேகிதிக்கு நாணயப் பைத்தியம் பிடித்தது நாங்கள் இரண்டு பேரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான். அதுவரைக்கும் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அடுத்தடுத்த நாற்காலி. அவள் மயிலாப்பூர், நான் அடையாறு. ஓய்வு பெற்றதும் நான் காலையில் நடக்கப் போனேன், சாயங்காலம் சீரியல் பார்த்தேன். அவளுக்கு இரண்டுமே ஒத்துவரவில்லை. ஒரு நாள் பீரோவை ஒழித்தபோது குங்குமச் சிமிழுக்குள் ஒரு பழைய செப்புக் காசு அகப்பட்டிருக்கிறது. அது எந்தக் காலத்துக் காசு என்று தெரிந்துகொள்ள அலைந்தவள், அப்படியே அந்த உலகத்துக்குள் போய்விட்டாள்.

கோயில் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹாலில், ஞாயிற்றுக்கிழமைகளில் நாணயம் சேகரிப்பவர்கள் கூடுவார்கள். அந்தச் சங்கத்தில் சேர்ந்தாள். அங்கே பெண் என்று பார்த்தால் அவள் ஒருத்திதான். "எல்லா மாமாவும் ஓடி வந்து நாற்காலி போடறா. ஆனா ஒருத்தரும் காசைக் கையில தரமாட்டேங்கறா" என்று முதல் வாரம் போனில் குறைப்பட்டுக்கொண்டாள். அப்புறம் எப்போது மாறியது என்று எனக்குத் தெரியாது. நான் ஒரு ஞாயிறு அவளோடு போனபோது, அதே மாமாக்கள் தங்கள் காசை அவள் கையில் வைத்துவிட்டு, டாக்டர் முகத்தைப் பார்ப்பதுபோல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஆபீஸிலும் அவள் அப்படித்தான். ஒரு தாளை முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். மேலதிகாரி பேனாவை நீட்டிக்கொண்டு நிற்பார், இவள் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்துக்கொண்டிருப்பாள்.

அவளிடம் இருந்த காசுகளிலேயே உசத்தி ஒரு வெள்ளி ரூபாய். வெள்ளைக்காரன் காலத்தது, ஒரு பக்கம் ராணியின் தலை. தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் பழம்பொருள் கடையில் வாங்கியது. ராணி தலை ரூபாய் ஒன்றும் அபூர்வம் இல்லை, நிறையப் பேரிடம் இருக்கிறது. இந்த ரூபாயின் பெருமை அதன் நிறம். ஓரத்தில் மயில்கழுத்து நீலம். உள்ளே வர வர வாடாமல்லி. ராணியின் கன்னத்தில் மாம்பழ மஞ்சள். இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டு ஒரு புடவையை விரித்தால் "கண்ணைக் குத்துது, வேற காட்டுங்க" என்று தள்ளிவிடுவோம். அந்தக் காசில் அது அத்தனை அழகாக இருந்தது. அவள் அதைப் பிளாஸ்டிக் கூட்டில் போட்டு, கைப்பையிலேயே வைத்திருந்தாள். மின்சார ரயிலில் போகும்போது எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் ஏதோ நகை என்று எட்டிப் பார்ப்பார்கள்.

வெள்ளி காற்றுப் பட்டால் கறுக்கும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். கறுப்பதற்கு முன்னால் அது பல நிறங்களைக் கடந்து போகிறது என்பதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியின்மேல் பாலேடு மாதிரி மெல்லிசாகப் படிகிறது. மழை நாளில் ரோட்டில் சிந்திய பெட்ரோல் வானவில் காட்டுகிறதே, அதுபோல அந்த ஏட்டின் கனத்துக்குத் தகுந்தபடி நிறம் தெரிகிறது. சேகரிப்பவர்கள் இதை டோனிங் என்கிறார்கள். ஒரு பெட்டியில் பல காலம் கிடந்து தானாக வந்த நிறமென்றால் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள். யாரோ மருந்து வைத்து அவசரமாக வரவழைத்தது என்று தெரிந்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்கள். தொல்லை என்னவென்றால், இரண்டும் முதல் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சி வந்தது. வாசலுக்கு நேர் எதிரே வைக்கும் கண்ணாடிப் பெட்டியில் இந்த முறை அவளுடைய வானவில் ரூபாய்தான் என்று எல்லாருமாக முடிவு செய்தார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குப் போன் செய்து, என்ன புடவை கட்டுவது என்று அரை மணி பேசினாள். காசுக்குக் கீழே வைக்க ஒரு அட்டை எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். அந்த அட்டையில் வந்து எல்லாம் மாட்டிக்கொண்டது.

மறுநாள் காலையில் மறுபடி போன்.

"ஏண்டி, உலோகம் வெள்ளின்னு எழுதினேன். எடை எழுதினேன். 'நிறம் இயற்கையானது'ன்னு எழுதப் போனேன். கை வரமாட்டேங்கறது."

"ஏன்?"

"எனக்கு எப்படித் தெரியும்? கடைக்காரர் சொன்னார். அவருக்கு யாரோ சொல்லியிருப்பா. நான் பார்த்தேனா?"

"எல்லாரும் அப்படித்தானே எழுதறாங்க?"

"எழுதட்டும். இது என் கையெழுத்தாச்சே."

பேனாவை மூடி வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம், "ஒரு மைசூர்பாகு கடையில வாங்கினதா ஆத்துல பண்ணினதான்னு நமக்கு எப்படித் தெரியறது? நாமளே நாலு தடவை கிளறிப் பார்த்ததனால. அதனால நானே ஒரு திருட்டு டோனிங் பண்ணிப் பார்த்துடறேன். உங்காத்துல முட்டை உண்டோல்லியோ?" என்றாள்.

முட்டையில் கந்தகம் இருக்கிறது. அவித்த முட்டையோடு வெள்ளிக் காசை ஒரு டப்பாவில் மூடி வைத்தால் காசு நிறம் மாறும் என்று எங்கேயோ படித்திருக்கிறாள். அவள் வீட்டில் அதைச் செய்ய வழியில்லை. "எங்காத்துல முட்டை நுழைஞ்சா, அப்புறம் நான் நுழைய முடியாது" என்றாள். அப்படித்தான் அடையாறில் என் சமையலறை ஒரு சோதனைச்சாலை ஆனது.

பாண்டி பஜார் கடைக்குப் போய், முகம் தேயாத, ஆனால் யாரோ நன்றாகத் துலக்கிப் பளபளப்பாக்கி வைத்திருந்த ரூபாய்கள் கொஞ்சம் வாங்கி வந்தாள். துலக்கிய காசுக்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்பில்லை. அதனால் கெட்டுப்போனாலும் பாவமில்லை. நான் முட்டை அவிப்பேன், உரிப்பேன், மசிப்பேன். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு பாட்டில் மூடியின்மேல் காசை வைத்து, முட்டையில் படாமல் டப்பாவுக்குள் இறக்கி மூடுவாள். முட்டையை அவள் ஒரு தடவைகூடத் தொடவில்லை. என் வீட்டுக்காரர் தினமும் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "மனுஷனுக்கு ஒரு முட்டை மிஞ்சுமா, எல்லாம் ராணிக்குத்தானா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

முதல் காசு கரியாக வந்தது. அடுத்தது திட்டுத்திட்டாக, தேமல் மாதிரி. அப்புறம் முட்டையின் அளவைக் குறைத்தாள். டப்பாவை மாற்றினாள். அடிக்கடி திறந்து பார்க்க ஆரம்பித்தாள். ஒரு காசு வைக்கோல் மஞ்சளாகி, செம்பொன்னாகி, வாடாமல்லிக்குப் போய், நீலத்தைத் தொடுவதை நான் அவள் தோள் வழியாகப் பார்த்தேன். துர்நாற்றத்தை மறந்துவிட்டு இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். ஏமாற்று வேலை என்று தெரிந்தும் அது அழகாகத்தான் இருந்தது.

தானாக நிறம் வந்த வெள்ளியையும் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. மயிலாப்பூரில் அது லேசில் கிடைக்காது. வெள்ளி என்று ஒன்று வீட்டில் இருந்தால் விபூதி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பார்கள். "துலக்காத வெள்ளி ஏதாவது இருக்கா, பார்த்துட்டுத் தரேன்" என்று இவள் வீடு வீடாகக் கேட்டால் அவர்களுக்குக் கோபம் வராதா? "எங்காத்துல அப்படியெல்லாம் போட்டு வைக்கமாட்டோம்" என்று ஒரு மாமி கதவைப் பாதி சாத்திவிட்டாளாம். கடைசியில் என் வீட்டில்தான் கிடைத்தது. கல்யாணத்தில் வந்த பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், இரண்டு டம்ளர் எல்லாம் பரணில் காகிதத்தில் சுற்றியபடி அப்படியே கிடந்தன. பிரித்தால் கிண்ணத்தின் அடியில் பொன் நிறமும், ஓரத்தில் செம்பும் நீலமும் நிதானமாக இறங்கியிருந்தன. அவள் ஜன்னலோரம் அதைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"உன் சோம்பேறித்தனத்துக்கு ஒரு நமஸ்காரம்டி" என்றாள்.

அவள் கற்றுக்கொண்டதை எனக்கும் சொன்னாள். நிறங்களின் வரிசை இரண்டிலும் ஒன்றுதான். மஞ்சளுக்கு அப்புறம்தான் நீலம். அதனால் வரிசையை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது. "தானா வர்றது அவசரப்படாது. ஒரு நிறம் எங்கே முடிஞ்சுது, அடுத்தது எங்கே ஆரம்பிச்சுதுன்னு சொல்ல முடியாது. முட்டை நிறம் பஸ்ஸைப் பிடிக்க ஓடற மாதிரி ஓடறது. மஞ்சளைத் தாண்டினதும் தொப்புனு நீலத்துல விழறது. நடுவுல இருக்கற வாடாமல்லி ஒரு நூல் அகலத்துக்குத்தான் இருக்கு." அப்புறம் எழுத்துகளைப் பார்க்கச் சொன்னாள். பல காலமாக நிறம் ஏறிய காசில், மேடாக இருக்கும் எழுத்தின் காலடியில் நிறம் கொஞ்சம் ஒதுங்கி, மெல்லிய வெளுப்பு தங்கியிருக்கும். அவசர நிறம் எழுத்தைப் பொருட்படுத்தாது, வெள்ளம் மாதிரி மேலே ஏறிப் போய்விடும். அப்புறம் கீறல்கள். துலக்கிய காசில் முடி போன்ற கீறல்கள் இருக்கும். அந்தக் கீறலுக்குள்ளேயும் நிறம் அதே அழுத்தத்தில் இறங்கியிருந்தால், நிறம் வந்தது துலக்கியதற்கு அப்புறம் என்று அர்த்தம்.

"இதுல எந்த ஒண்ணும் தனியா சாட்சி ஆகாது. எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் கை காட்டினா யோசிக்கணும்" என்றாள்.

ஒரு நாள் காலையில் வந்தாள். என் சாப்பாட்டு மேஜையில் வெள்ளைக் கைக்குட்டையை விரித்தாள். தன் வானவில் ரூபாயைக் கூட்டிலிருந்து எடுத்து வைத்தாள். பக்கத்தில் கடைசியாகச் செய்த முட்டை ரூபாயை வைத்தாள். என்னைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, இரண்டையும் இடம் மாற்றினாள்.

"இப்போ சொல்லு. எது என்னோடது?"

நான் குனிந்து பார்த்தேன். லென்ஸையும் வாங்கிப் பார்த்தேன். இடது பக்கம் இருந்ததைக் காட்டி, "இதுதான். இதைத்தான் எனக்குத் தெரியுமே" என்றேன்.

"அது முட்டை" என்றாள்.

நான் கைதட்டினேன். எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறாள் என்று நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு முட்டை டப்பா பக்கமே அவள் போகவில்லை, இருந்தாலும் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"என்னோடதும் முட்டை ரூபாய்தாண்டி. இல்லேன்னா அதுக்குப் பங்காளி ஏதோ ஒண்ணு. கன்னத்துல பாரு, கீறலுக்குள்ள எல்லாம் மஞ்சள். எழுத்துக்குக் கீழே ஒரு இடத்துலயும் வெளுப்பு இல்லை. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நிறம், பெட்டியில படுத்துக் கிடந்த காசுக்கு அப்படி வருமா? நூத்துக்கு நூறுன்னு சொல்லமாட்டேன். ஆனா இயற்கைன்னு எழுதமாட்டேன்."

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "அந்த வரியை மட்டும் விட்டுடேன். உலோகம், எடை போதும். யாரு கேக்கப்போறாங்க?" என்றேன்.

"யாரும் கேக்கமாட்டா. அதனாலதான் நானே எழுதணும்."

மறுநாளே தி.நகர் போகவேண்டும் என்றாள். சண்டை போடத்தான் என்று நினைத்து நானும் கூடப் போனேன். ஆட்டோவில்தான் சொன்னாள்: "கண்காட்சியில அட்டையைப் பார்த்து அவர் தெரிஞ்சுண்டா நன்னாருக்காது. முதல்ல அவருக்குச் சொல்லணும்."

கடைக்காரர் எங்கள் வயதுதான் இருக்கும். வீட்டில் உருது, கடையில் தமிழ். அப்பா, தாத்தா காலத்திலிருந்து அதே சந்து. எங்களைப் பார்த்ததும் மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டு, "உக்காருங்கக்கா, டீ சொல்லவா?" என்றார். அவள் இரண்டு ரூபாயையும் கண்ணாடி மேஜையின்மேல் வைத்தாள்.

"பாய், ஒண்ணு நீங்க குடுத்தது. ஒண்ணு நான் பண்ணினது. எது எதுன்னு சொல்லுங்கோ."

அவர் சிரித்துக்கொண்டேதான் லென்ஸை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போய்விட்டது. வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"சொல்ல முடியலக்கா."

லென்ஸை மேஜையில் வைத்தார். "நான் வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு. நம்பித்தான் வாங்கினேன், நம்பித்தான் உங்களுக்குக் குடுத்தேன்" என்றார்.

"தெரியும். உங்க மேல சந்தேகம் இருந்தா நான் இங்கே வந்து டீ குடிப்பேனா?"

காசைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அதை எடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். மருந்தில் முக்கி வெள்ளையாக்கிச் சாதா ரூபாயாக விற்பேன் என்றார். "வேண்டாம், இது எனக்குப் பாடப்புஸ்தகம்" என்று கைப்பையில் போட்டுக்கொண்டாள். அவர் எழுந்துபோய், காட்சி அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்துவந்து வைத்தார். நிறம் நிறமாகக் காசுகள். "இதெல்லாம் அதே ஆளுகிட்ட வாங்கினதுக்கா. நீங்களே பாருங்க" என்றார். இரண்டு பேரும் தலையோடு தலை சேர்த்துக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள். ஆறிப்போன டீயை நான் ஒருத்திதான் குடித்தேன். சந்தேகமான காசுகளை அவர் ஒவ்வொன்றாக எடுத்து உள் இழுப்பறையில் போட்டார். நல்லதாகத் தெரிந்தவற்றை மட்டும் திரும்ப அலமாரியில் வைத்தார்.

கிளம்பும்போது, "அட்டையில உங்க கடை பேர் வராது பாய்" என்றாள்.

"வந்தாலும் வரட்டும்க்கா. இனிமே கலர் காசுன்னா உங்க கண்ணுல காட்டிட்டுத்தான் வெளியில வைப்பேன்."

கடைக்காரர் சுலபமாக ஒத்துக்கொண்டார். சங்கத்தின் செயலாளர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "வாசல்லயே போலியை வெச்சா நம்ம மானம் என்ன ஆகும் மேடம்?" என்றார். காசு போலியில்லை, நிறத்தில்தான் சந்தேகம் என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். அவர் முகம் மாறவில்லை. அவள் வாக்குவாதம் செய்யாமல், "அப்போ வாசல் பெட்டியில வேற யாரோட காசையாவது வைங்கோ. எனக்கு ஜன்னல் பக்கம் ஒரு சின்ன மேஜை போதும்" என்று சொல்லிவிட்டாள். என்ன புடவை கட்டுவது என்று அரை மணி பேசியவள் அந்த இடத்தை இவ்வளவு சாதாரணமாக விட்டுக்கொடுத்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

கண்காட்சியன்று அவள் மேஜையில் இரண்டு ரூபாயும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அட்டையில் அவள் கையெழுத்து: "இதில் ஒன்றை நான் முட்டையோடு வைத்து நிறமேற்றினேன். மற்றதை இயற்கை என்று நம்பி வாங்கினேன். இப்போது நம்பவில்லை. எது எது என்று பார்த்துச் சொல்லுங்கள்." பக்கத்தில் ஒரு லென்ஸ். சற்றுத் தள்ளி என் பரணிலிருந்து வந்த சந்தனக் கிண்ணம், தானாக வந்த நிறம் எப்படி இருக்கும் என்று காட்ட.

வாசல் பெட்டியில் ஒரு தங்கக் காசு இருந்தது. வந்தவர்கள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்க் கூடினார்கள். லென்ஸுக்கு வரிசை நின்றது. தரமணியில் வேலை பார்க்கும் இளைஞர்கள் பந்தயம் கட்டினார்கள். ஆழ்வார்பேட்டையிலிருந்து வந்த தம்பதி எது முட்டை என்று சண்டையே போட்டுக்கொண்டார்கள். செயலாளர் மத்தியானம் தானாக வந்து இன்னொரு லென்ஸை வைத்துவிட்டுப் போனார். என் சிநேகிதி ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து, முதல் தடவை சொல்வதுபோலவே சொல்லிக்கொண்டிருந்தாள். தான் எப்படி ஏமாந்தாள் என்பதைச் சொல்லும்போது குரல் தாழவே இல்லை.

கூட்டம் கொஞ்சம் குறைந்த நேரத்தில் ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை போட்ட சங்கிலி. கையை இறுக்கி மூடி வைத்திருந்தாள்.

"நீதான் கலர் காசு பாக்கறதா?" என்றாள்.

"நான்தான். உக்காருங்கோ."

அவள் உட்காரவில்லை. "நான் பாலவாக்கத்துல மீன் விக்கறேன். எங்கம்மா செத்தப்புறம் அது பொட்டியில இந்தக் காசு கெடச்சுது. இன்னாது இது கலர் கலரா கீதேன்னு இங்க காட்ட எடுத்தாந்தேன். அங்க குந்திக்கினு கீறாரே, கண்ணாடி போட்டவரு, அவரு பாத்துட்டு யாரோ மருந்து வெச்சு சாயம் ஏத்திக்கீறாங்கன்னு சொல்ட்டாரு. எங்கம்மா காலம்பூரா கூடை தூக்குனது. அது எதுக்கு காசுக்குச் சாயம் ஏத்தப் போவுது?" காசு விலைபோகாது என்பதில்லை அவள் வருத்தம். அம்மாவை யாரோ திருடி என்று சொல்லிவிட்ட மாதிரி நின்றாள்.

என் சிநேகிதி கையை நீட்டினாள். காசை விளிம்பில் பிடித்து ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். ஒரு பக்கம் சாம்பல் பூத்து மங்கியிருந்தது. மறுபக்கம் பொன்னும் பச்சை கலந்த நீலமும். அவள் சாய்த்தாள், நிமிர்த்தினாள், லென்ஸை வைத்தாள், எடுத்தாள். நேரமாக ஆக எனக்கே பயமாக இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டால் இந்தப் பெண் என்ன ஆவாள்?

அவள் திரும்பினாள். "உங்கம்மா இதை ஒரு துணியில இறுக்கி முடிஞ்சு வெச்சிருந்தாளா? கொஞ்சம் மொத்தமான நூல் துணியா?"

அந்தப் பெண்ணின் கை வாய்க்குப் போனது. "உனுக்கு எப்டி தெரியும்? பழைய பொடவைக் கிழிசல்ல முடிஞ்சுதான் வெச்சிருந்துச்சு. அவுக்கவே முடியல, கத்தரிக்கோலு வெச்சு வெட்டினேன். யாருகிட்டயும் சொல்லலியே!"

"காசுலயே இருக்கு. வாங்கோ, காட்டறேன்."

லென்ஸை அவள் கண்ணுக்கு நேரே பிடித்தாள். அவளுக்கு அப்புறம் நானும் பார்த்தேன். அந்த நிறம் ஒரே பரப்பாக இல்லை. குறுக்கும் நெடுக்குமாகப் பொடிப்பொடிக் கோடுகள், ஜல்லடை மாதிரி. இழை அழுத்தியிருந்த இடத்தில் ஒரு நிறம், இழைக்கு நடுவே காற்றுப் பட்ட இடத்தில் இன்னொரு நிறம். யாரும் நினைத்துப் போடாத ஒரு நெசவு. அந்தப் புடவை வெள்ளியின்மேல் தன்னை எழுதிவிட்டுப் போயிருந்தது.

"துணி அச்சைக்கூட யாராவது பண்ணலாம், நான் இல்லேங்கலை. ஆனா இது ஒரு பக்கம் மட்டும் இருக்கு. எழுத்துக்குக் கீழே வெளுப்பு தங்கியிருக்கு. நிறம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரையறது. என் கண்ணுக்கு இது தானா வந்ததுதான். உங்கம்மா எதையும் பண்ணலை. பத்திரமா வெச்சிருந்தா, அவ்வளவுதான்."

அந்தப் பெண் லென்ஸை விடவே இல்லை. குனிந்தபடியே, "ஆமா, பொடவை தெரியுது. பொடவை தெரியுது" என்றாள். அப்புறம் சட்டென்று நிமிர்ந்து, என் சிநேகிதியின் மணிக்கட்டைப் பிடித்தாள். "வா, அந்தாளுகிட்ட வந்து சொல்லு."

பட்டுப்புடவை கட்டிய மயிலாப்பூர் மாமியை அவள் கையைப் பிடித்து அந்த ஹாலின் குறுக்கே இழுத்துக்கொண்டு போனதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. இவளும் மறுக்காமல் கூடவே ஓடினாள். கண்ணாடி போட்ட மனிதர் லென்ஸில் பார்த்தார். மறுபடி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆமாம், துணி. நான் அவசரப்பட்டுட்டேன்மா, மன்னிச்சுக்கோங்க" என்று அந்தப் பெண்ணைப் பார்த்தே சொன்னார். தப்பை ஒப்புக்கொண்டது அவருக்கும் பெருமைதான் என்று எனக்குத் தோன்றியது.

காசை விற்கிறீர்களா என்று அங்கேயே சிலர் கேட்டார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டு, முந்தானையில் அதை முடிந்துகொண்டாள். என் சிநேகிதியின் கன்னத்தைத் தொட்டு விரலைத் தன் உதட்டில் வைத்துக்கொண்டாள். போய்விட்டாள்.

இதெல்லாம் நடந்து கொஞ்ச காலம் ஆகிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னல் பக்கத்து மேஜை அவளுக்கென்றே ஆகிவிட்டது. நிறம் ஏறிய வெள்ளியை எங்கெங்கிருந்தோ எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நானும் சில வாரம் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். அவள் ஆமாம் என்று சொல்வதும் உண்டு, இல்லை என்று சொல்வதும் உண்டு. ஆனால் நான் அதிகமாகக் கேட்பது "தெரியலை" என்பதைத்தான். அதைச் சொல்லும்போது அவள் கொஞ்சமும் கூசுவதில்லை. அத்தனை பேர் தன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சொல்லைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! எனக்கு வராது.

போன மாதம் ஒருவர் வந்தார். தூரத்திலிருந்து காரில் வந்திருக்கிறார். இளநீல நிறத்தில் ஒரு ரூபாய். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்னிக்கு மூட்டமா இருக்கு. இந்த வெளிச்சத்துல எனக்குத் தெரியலை" என்றாள்.

"இவ்வளவு தூரம் வந்திருக்கேன். ஆமாவா, இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்களேன்" என்றார் அவர்.

"தெரிஞ்சா சொல்லமாட்டேனா? வெயில் வந்தப்புறம் இன்னொரு நாள் காலம்பற வாங்கோ, பார்க்கலாம்."

அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, காசை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு நாங்கள் ஹாலுக்குப் போனபோது கதவு இன்னும் திறக்கவில்லை. நல்ல வெயில். அவர் படியில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார்.